நூற்று மூன்று டிகிரி யாருடையது?

உடலின் உள்வெப்பத்தைத் தோலின் மேலிருந்தே அளக்கும் உணரிகள், மருத்துவக் கருவிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு அதிசயமே அல்ல. நெற்றியில் ஒட்டுகிறீர்கள், கம்பியைச் செருகுகிறீர்கள், திரையில் எண் வந்துவிடுகிறது. எண் தவறாகத் தோன்றினால் ஒட்டியதைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்டுகிறீர்கள். போன வாரம் உங்கள் பிரிவுக்கு வந்திருந்தபோது ஒருவர் அப்படிச் செய்வதைப் பார்த்தேன். அவர் செய்தது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பெரும்பாலுக்குள் அடங்காத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு ஆய்வுக் குழுவில் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழு என்று பெயர். இருந்தது மூன்று பேர். உடலியல் பேராசிரியர் ஒருவர், நான், ஜீப் டிரைவர். ஈரத்திலும் குளிரிலும் நாள் முழுக்க வேலை செய்கிறவர்களின் உள்வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. அதற்காக ஏற்காடு மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், பழம் பறிக்கும் பருவத்தில் தங்கியிருந்தோம். காலையில் சாரல், மதியம் கொஞ்சம் வெளிச்சம், நான்கு மணிக்கெல்லாம் பனி. துவைத்த துணி காய்வதற்குள் பருவமே முடிந்துவிடும்போல் இருந்தது.

அன்றைக்கு எங்களிடம் இருந்த உணரி ஆமைவடை அளவுக்கு ஒரு வில்லை. அதன் வேலை எளியது. உடம்பின் உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தோல் எப்போதும் உள்ளைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. வில்லை தோலை மூடிக்கொண்டு, தன் மேல்பக்கத்தைத் தானே சூடாக்கும். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிட்டால் சூடு வெளியேற வழி அடைபட்டுவிடும். அப்போது வில்லைக்கு அடியில் இருக்கும் தோல், மெல்ல மெல்ல உடம்பின் உள்வெப்பத்துக்கே வந்து நிற்கும். ஊசி வேண்டாம், வாயிலோ வேறு இடத்திலோ எதையும் நுழைக்க வேண்டாம். இருபது நிமிடம் பொறுத்தால் போதும். வில்லையிலிருந்து ஒரு கம்பி இடுப்பில் கட்டிய பெட்டிக்குப் போகும். பெட்டியில் பேட்டரியும், முள் வைத்த டயலும். எஸ்டேட் மருந்தகத்துத் தெர்மாமீட்டரோடு ஒப்பிட வசதியாக டயலையும் ஃபாரன்ஹீட்டிலேயே அமைத்திருந்தோம்.

குழுவில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், பறிக்கும் பெண்களுக்குக் காலையில் வில்லை கட்டுவது என் பொறுப்பு. கழுத்தெலும்புக்குக் கீழே வைத்து, நாடாவைச் சுற்றி, முதுகுப் பக்கம் தட்டையாக ஒரு முடிச்சு. ஆறு பெண்கள் சம்மதித்திருந்தார்கள். முதல் நாள் கட்டும்போது முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாம் நாள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். காரணம் எங்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. அந்தக் குளிரில், நனைந்த ரவிக்கைக்குள், வில்லை கதகதப்பாக இருந்தது. நாங்கள் சூட்டை அளக்க வந்திருக்கிறோம் என்று அவர்கள் நம்பவில்லை. சூடு கொடுக்க வந்திருக்கிறோம் என்று நம்பினார்கள்.

அறுவரில் செல்லம்மா என்பவருக்கு நாற்பது வயதிருக்கும். பறிக்கிற கையைவிட வாய் வேகம். ஒருநாள் பேராசிரியரை நேராகவே கேட்டார்.

"ஏனுங் சார், இத முட்டைக்கு மேல வெச்சா குஞ்சு பொரிக்குமுங்களா?"

பேராசிரியர் எந்தக் கேள்வியையும் கேள்வியாகவே எடுத்துக்கொள்பவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொரிக்காதும்மா. முட்டைக்கு உள்ளே என்ன சூடு இருக்கோ அதைத்தான் இது காட்டும்" என்றார்.

"அப்பக் கோழியே தேவலைங்க" என்று சொல்லிவிட்டுச் செல்லம்மா வரிசைக்குப் போய்விட்டார்.

வரிசை என்றேன். அந்த எஸ்டேட்டில் பறிப்பு ஜோடியாகத்தான் நடக்கும். ஒரு வரிசைச் செடிகளுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். கை எட்டாத கிளையை ஒருவர் வளைத்துப் பிடிக்க மற்றவர் பறிப்பார். ஜோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கு வரிசை கிடையாது. செடிக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கும் வேலைக்கு அனுப்பிவிடுவார் மேஸ்திரி. ஈரச் சருகுக்குள் நாள் முழுக்கக் குந்திக்கொண்டே நகர வேண்டும். அட்டைகள் அங்கேதான் குடியிருக்கும். செல்லம்மாவின் ஜோடி லூர்துமேரி. நாங்கள் வில்லை கட்டிய அறுவரில் இவர் இல்லை. அமைதியானவர், செல்லம்மா பேசும்போது புன்னகையோடு தலையாட்டுவது அவர் பங்கு.

நான் சொல்ல வந்த நாளில், மதிய எடைக்கு எல்லாரும் கொட்டகைக்கு வந்தார்கள். சாக்குகள் தராசில் ஏறிக்கொண்டிருக்க, நான் ஒவ்வொருவருடைய டயலையும் படித்துச் சொல்வேன், பேராசிரியர் எழுதிக்கொள்வார். தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பதரை, தொண்ணூற்றொன்பது. செல்லம்மாவிடம் வந்தேன். முள் நூற்று மூன்றில் இருந்தது.

நான் செல்லம்மாவைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்றவரின் சாக்கில் இலைதான் அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலில் இருப்பவர் அப்படிச் சண்டை போட மாட்டார்.

"சூடாக்கும் மின்சுற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. எழுத வேண்டாம். பெட்டியைக் கழற்றிவிடு" என்றார் பேராசிரியர்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வாரம் இன்னொரு பெட்டியில் இதே கோளாறு வந்து, முள் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நானும் கழற்றத்தான் குனிந்தேன். குனிந்த இடத்தில் முள் நூற்று மூன்றில் இல்லை. நூற்றிரண்டரைக்கு வந்திருந்தது.

"சார், இறங்குது."

"கோளாறு என்றால் இறங்கவும் செய்யும்."

"போன வாரம் துள்ளித் துள்ளிப் போச்சு சார். இது அப்படி இல்லை. அஞ்சு நிமிஷம் பார்க்கலாமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார். நாங்கள் இருவரும் செல்லம்மாவின் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கொட்டகையில் சிரிப்பு கிளம்பியது.

"என்ன கண்ணு, என்ற இடுப்புல சினிமாவா ஓடுது?" என்றார் செல்லம்மா.

முள் முதலில் வேகமாக இறங்கியது. நூற்றொன்றுக்குப் பிறகு வேகம் குறைந்தது. நூறுக்குக் கீழே இன்னும் மெதுவானது. கடைசியில் தொண்ணூற்றொன்பதில், செல்லம்மாவின் வழக்கமான இடத்தில், வந்து நின்றுவிட்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். மனித உடம்பின் உள்வெப்பம் இத்தனை குறைந்த நேரத்தில் நான்கு டிகிரி இறங்காது. ஆகவே இது செல்லம்மாவின் காய்ச்சல் இல்லை. கெட்டுப்போன கருவியும் இப்படி ஒழுங்காக வந்து சரியான இடத்தில் நிற்காது. ஆகவே இது கோளாறும் இல்லை. சூடான இடத்திலிருந்து எடுத்த ஒரு பொருளை அதைவிடச் சூடு குறைந்த இடத்தில் வைத்தால் எப்படி ஆறுமோ, அப்படித்தான் ஆறியது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் சேலத்தில் ஒரு மாலைப் பத்திரிகையில் கொஞ்சகாலம் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு செய்தி நம்பும்படி இல்லையென்றால் ஆசிரியர் உடனே அதைக் குப்பையில் போட மாட்டார். இதைச் சொன்னது யார் என்று முதலில் கேட்பார். நான் செல்லம்மாவின் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தேன். நாடாவில் இருந்தது நான் காலையில் போட்ட முடிச்சு அல்ல. சடைக்கு ரிப்பன் கட்டுவதுபோல் இரண்டு காது வைத்த முடிச்சு.

"செல்லம்மாக்கா, இதைக் கழட்டுனீங்களா?"

"நானெதுக்குங்க கழட்டறேன்? பூட்டுன மாட்டுக்குக் கயிறு கழட்டத் தெரியுமா?"

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"அட, கேக்கறதப் பாரு. உங்க பொட்டிய நான் என்ன சந்தையிலயா வித்துட்டேன்?"

"நான் திட்டறதுக்குக் கேக்கலைங்க. உங்களுக்கு முன்னாடி இதைக் கட்டியிருந்தவங்களுக்கு நூத்தி மூணுக்கு மேல காய்ச்சல் அடிக்குது. நீங்க கழட்டி, மாட்டி, இங்க நடந்து வர்றதுக்குள்ளேயே கொஞ்சம் ஆறியிருக்கும். அவங்க யாருன்னு தெரியோணும்."

செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டார். அது எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத காட்சி. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"லூர்து தானுங்க. காத்தால இருந்து வெடவெடன்னு நடுங்கிட்டிருந்தா. சூடா இருக்குமேன்னு டீ குடிக்கறப்ப அவளுக்குக் கட்டி உட்டேன். எடைக்கு மணி அடிச்சதும் வாங்கி மாட்டிக்கிட்டேன். நீங்க கண்டுபுடிப்பீங்கன்னு நெனைக்கலீங்க."

"அவங்க எங்க?"

"வரிசையிலயே உக்காந்திருக்கா. அவ சாக்கையும் நாந்தான் தூக்கிட்டு வந்தேன்."

வழியில் கம்பவுண்டரையும் அழைத்துக்கொண்டு போனோம். எஸ்டேட் மருந்தகம் அவர் பொறுப்பில் இருந்தது, அக்கறையான மனிதர். நடந்துகொண்டே, "காலையிலயே அந்தம்மாவைப் பார்த்தேனுங்க சார். தெர்மாமீட்டர் வெச்சேன். தொண்ணூத்தொம்பதுதான் இருந்துது" என்றார்.

லூர்துமேரி ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். தலைமேல் போர்த்திய கம்பளி சாரலில் நனைந்து கனத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. மழையில் நனைந்த யாருடைய நெற்றியும் அப்படித்தான் இருக்கும்.

"ஒண்ணுமில்லீங்க... ராத்திரி... தூக்கமில்லை... அதானுங்க" என்றார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

கம்பவுண்டர் தெர்மாமீட்டரை உதறி அவர் வாயில் வைத்தார். எடுத்துப் பார்த்துவிட்டுப் பேராசிரியரிடம் நீட்டினார். தொண்ணூற்றொன்பதுக்கும் கொஞ்சம் கீழே. கக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் குறைவு.

"குளிரு தானுங்க சார். சுக்குக் காப்பி குடிச்சுப் போத்திப் படுத்தா நாளைக்குச் சரியாயிரும். இவங்களுக்கெல்லாம் இந்த மாசத்துல வர்றதுதான்."

இப்போது எங்கள் முன்னால் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று உலகம் முழுவதும் நம்பும் கண்ணாடிக் குழாய். அது காய்ச்சல் இல்லை என்கிறது. இன்னொன்று நாங்கள் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கும் ஒரு வில்லை. அது கடும் காய்ச்சல் என்கிறது. அதுவும் வேறொருவர் நெஞ்சிலிருந்து, ஆறிக்கொண்டே சொல்கிறது.

"மறுபடி இவருக்கே கட்டு. இருபது நிமிடம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார் பேராசிரியர். அதுதான் முறை. நான் கட்டினேன். முள் தொண்ணூற்றாறில் தொடங்கியது.

அப்போது டிரைவர் வந்து நின்றார். "சார், சேலம் போறதுன்னா இப்பவே கெளம்போணும். இன்னைக்குப் பனி சீக்கிரமே கூடுது. பனி எறங்கிட்டா வளைவுல முன்னாடி போற பஸ்ஸே தெரியாது. அப்பறம் நாளைக்குக் காத்தாலதான்."

ஏற்காட்டில் இருந்த மருத்துவர் அன்று விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். சேலத்தை விட்டால் வேறு இடமில்லை. பேராசிரியர் டயலைப் பார்த்தார், மரங்களுக்கு இடையே வெள்ளையாகக் கூடிக்கொண்டிருந்த பனியைப் பார்த்தார், மறுபடி டயலைப் பார்த்தார்.

"சார், இந்த இருபது நிமிஷத்தை ஜீப்புல கழிக்கலாம்" என்றேன். "ஏற்காடு ஏரி போய்ச் சேர்றதுக்குள்ள முள்ளு நின்னுடும். நூறுக்குக் கீழே நின்னா ஏரியிலேயே திரும்பிடலாம். மலை இறங்க வேண்டியதில்லை. இங்கேயே உட்கார்ந்து பார்த்துட்டு, அது நூத்தி மூணுன்னு சொன்னா அப்ப இறங்க முடியாது."

"கருவியைச் சோதிக்க ஒரு நோயாளியை ஜீப்பில் ஏற்றுவதா?"

"கருவியை விடுங்க சார். அவங்க பேசறதைக் கேளுங்க. மூச்சு எட்டலை."

அவர் குனிந்து லூர்துமேரியின் தோள் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "ஏற்றுங்கள்" என்றார்.

ஆனால் லூர்துமேரி வர மறுத்தார். எங்களுக்கு இது எதிர்பாராதது. சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இந்த வரிசை... முடியட்டுங்க" என்றார்.

"வரிசை கெடக்குது. எந்திரி" என்றார் செல்லம்மா.

"நான் போயிட்டா... உன்னையப் பொறுக்க உட்ருவாங்க. உனக்கு முட்டி... மடங்காதே."

அப்போதுதான் விஷயம் விளங்கியது. செல்லம்மாவுக்கு வலது முழங்காலில் பழைய அடி. நிற்கலாம், நடக்கலாம், குந்த முடியாது. லூர்துமேரி நடுங்கிக்கொண்டு வேலைக்கு வந்ததும், கம்பவுண்டரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னதும் இதற்காகத்தான்.

"அட, போறவ போ. அட்டை என்னைய இன்னைக்குத்தான் புதுசாப் பாக்குதா?" என்றார் செல்லம்மா. ஆனால் குரலில் வழக்கமான பலம் இல்லை.

பேராசிரியர் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார். "இந்த வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தால் செல்லம்மா பறிக்கலாம், அப்படித்தானே?"

"ரெண்டு பக்கமும் கை இருந்தாச் சரிதானுங்க. யாரு கையா இருந்தா எனக்கென்ன?"

"நீங்கள் திரும்பி வரும்வரைக்கும் இந்தப் பக்கத்தில் ஆள் இருக்கும். நான் பொறுப்பு" என்றார் பேராசிரியர், லூர்துமேரியிடம். எங்கிருந்தாவது ஒரு கூலியாளைப் பிடிப்பார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். லூர்துமேரி சாக்கை விட்டார்.

ஜீப்பில் பின்னால் லூர்துமேரியை நடுவில் வைத்து ஒருபுறம் நான், மறுபுறம் செல்லம்மா. உலர்ந்த கம்பளி ஒன்றைக் கம்பவுண்டர் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி என் மடியில். பேராசிரியர் முன்னாலிருந்து, "எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"தொண்ணூத்தெட்டு."

கொஞ்ச தூரம் போனதும், "நூறு."

"நின்றுவிட்டதா?"

"இல்லை சார். ஏறுது."

நூறு என்பது திரும்பலாம் என்று நாங்களே போட்டுக்கொண்ட எல்லை. அதைத் தாண்டி முள் நகர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியைச் சரியாகச் சொல்வதென்றால், பயம் பாதி, கருவி சரிதான் என்ற மகிழ்ச்சி பாதி. அந்த இரண்டாவது பாதியை நீங்களும் அனுபவிப்பீர்கள். அதை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் காட்டாதீர்கள். பக்கத்தில் நோயாளி இருப்பார்.

ஏரி வந்தபோது முள் நூற்று மூன்றைத் தாண்டி ஏறக்குறைய நின்றிருந்தது. டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். "திரும்பணுங்களா சார்?"

"வேண்டாம். இறங்கு. வேகமாகப் போகத் தேவையில்லை, எங்கேயும் நிற்காதே."

அதற்குப் பிறகு பேராசிரியர் 'எவ்வளவு' என்று கேட்கவில்லை. பனி எங்கள் பின்னால் நாலைந்து வளைவு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. செல்லம்மா மலையை விட்டு ஜீப்பில் இறங்குவது அதுதான் முதல்முறையாம். பாதி வளைவுகளுக்குப் பிறகு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங் கண்ணு, எனக்கும் ஒரு பொட்டி கட்டி உடறீங்களா?"

"உங்களுக்குக் காய்ச்சல் இல்லைங்களே."

"வயித்தக் கலக்குதுங்க. அதுக்கு முள்ளு இல்லையா இதுல?"

லூர்துமேரி கண்ணை மூடியபடியே உதட்டோரத்தில் சிரித்தார். அடிவாரம் வந்ததும் வெயில் இருந்தது. அது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேயும் நர்ஸ் முதலில் வாயில்தான் தெர்மாமீட்டரை வைத்தார்; அங்கேயும் தொண்ணூற்றொன்பது. "காய்ச்சல் இல்லையே" என்றபடி வந்தார் பணியிலிருந்த இளம் மருத்துவர். நான் மடியிலிருந்த டயலைக் காட்டினேன். அவர் அதை ஒரு ரேடியோவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனால் நல்ல மருத்துவர். டயலையும் நம்பவில்லை, தெர்மாமீட்டரையும் நம்பவில்லை. லூர்துமேரியின் மூச்சை எண்ணினார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, வலதுபுறம் கீழே ஒரே இடத்தில் நெடுநேரம் கேட்டார்.

"நிமோனியா. நாளைக்குக் கொண்டு வந்திருந்தால் சிரமம்" என்றார். பிறகு தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் திரும்பினார். "இவர் மூச்சு வாங்குவது முழுக்க வாய் வழியாக. உதட்டை மூடவே முடியவில்லை. இதை வாயில் வைத்தால் உள்ளே போகிற காற்றைத்தான் அளக்கும்."

பேராசிரியர் தலையாட்டினார். கக்கத்தில் அளந்தது ஈர ரவிக்கையை என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

இளைய நண்பர்களே, அன்று எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. தெர்மாமீட்டர் தன்னை வைத்த இடத்தின் வெப்பத்தைச் சொன்னது. வில்லையும் தன்னைக் கட்டிய இடத்தின் வெப்பத்தைச் சொன்னது. அதை யாருக்குக் கட்டியிருந்தார்கள் என்பதில்தான் எங்களுக்குக் குழப்பம். கம்பவுண்டரும் கவனக்குறைவாக இருக்கவில்லை, முறைப்படிதான் அளந்தார். உங்கள் திரையில் நாளை பொருந்தாத எண் ஒன்று வரும். உணரி கழன்றிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். பத்தில் ஒன்பது தடவை அதுதான் காரணமாக இருக்கும். பிய்த்துப் போடுவதற்கு முன் அந்த எண் எப்படி நகர்கிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். கெட்டுப்போனது ஒருவிதமாக நகரும், உயிருள்ளது வேறுவிதமாக நகரும். முடிவெடுக்க நேரம் இல்லையென்றால், திரும்பி வர முடிகிற பக்கமாக ஒரு அடி வையுங்கள். அப்படி ஒரு பக்கம் அநேகமாக இருக்கும். எங்களுக்கு அன்று ஏரி இருந்தது.

நான்கைந்து நாள் கழித்து லூர்துமேரியைப் பார்க்கச் செல்லம்மாவும் நானும் சேலத்துக்குப் போனோம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்பதற்குள் அவர் கேட்டார்.

"என்ற பக்கம் யாரு பறிக்கறா?"

"ஏன் கேக்கற போ" என்று கட்டிலில் உட்கார்ந்தார் செல்லம்மா. "அந்தக் கண்ணாடிக்காரருதான்."

"யாரு, பொட்டிக்காரப் புரொபசரா?"

"அவரேதான். மறுநாள் காத்தால இடுப்புல பையக் கட்டிட்டு வந்து நிக்கறாரு. சொன்னேன், சாமி, செவப்பா இருக்கறத மட்டும் பறிங்கன்னு. ஒவ்வொரு பழத்தையும் கண்ணாடியத் தூக்கிட்டு ஒரு வாட்டி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு வாட்டி பாக்கறாரு. பொழுது சாயறதுக்குள்ள மூணே செடி. அதுலயும் பாதி பச்சைக்காயி. அந்தப் பக்கத்தையும் நாந்தான் எட்டிப் பறிக்கறேன். முட்டி தப்பிச்சுது, தோளு போச்சு."

"திட்டுனயா?"

"நல்லாத் திட்டுனேன். சரிம்மா, சரிம்மான்னு எழுதி வெச்சுக்கறாரு."

லூர்துமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓசையே இல்லாமல் சிரிப்பவர், அன்று வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பின் நடுவில் இரண்டு இருமல் வந்தது, கண்ணில் நீர் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாலை நேர வெப்பம் பார்க்க வந்த நர்ஸ், சிரித்து முடியட்டும் என்று தெர்மாமீட்டரோடு காத்துக்கொண்டு நின்றார். எங்கள் வில்லை அன்று என்னிடம் இல்லை. நான் லூர்துமேரியின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். லூர்துமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வாங்கி, வாயை மூடிக்கொண்டார். நர்ஸ் எடுக்கும்வரை மூடியே இருந்தார்.